கையெழுத்தைப் பார்த்துத் தகுதி எழுது

ஓர் இலாகாவுக்குத் தலைவர் வேண்டும் என்று ஊராட்சி மன்றம் விளம்பரம் போடும்போது, ‘நியமனத் தகுதிகள்’ என்ற தலைப்பின் கீழ் நாலைந்து வரிகள்தான் இருக்கும். மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். எஸ்பிஎம் தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட் வேண்டும். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் இன்ன துறையில் பட்டம், இத்தனை ஆண்டு அனுபவம். படிப்பவர்கள் மூச்சு விடும் நேரத்தில் கடந்து போய்விடுவார்கள். அந்த நாலைந்து வரிகளை எழுதுவதும், திருத்துவதும், மேலிடத்துக்குக் கொண்டுபோய் வாதாடுவதும்தான் எனக்குச் சோறு போட்ட வேலை. வடக்கே ஓர் ஊராட்சி மன்றத்தில் மனிதவளப் பிரிவில் குமாஸ்தாவாக நுழைந்து, அதிகாரியாகி, அங்கேயே பென்ஷன் வாங்கினேன். மன்றத்தின் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

இப்போது பாயான் பாருவில் இருக்கிறேன். நெல் விளைந்த பாயான் லெப்பாஸில் 1972இல் சுதந்திர வாணிப வட்டாரம் வந்தது. அங்கே வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கப் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் கட்டிய ஊர் இது. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் தொழிற்சாலைப் பொறியாளர்கள். கால்வாய் அடைத்துக்கொண்டாலும், மலைப்பக்கம் புதிதாக ஒரு கோபுரம் எழும்பினாலும், சாயங்காலம் தேநீர்க் கடையில் என்னைத்தான் பிடிப்பார்கள். “உங்க ஆளுங்கதானே அண்ணே, இதுக்குத் தலைவரா இருக்கிறவர் என்ன படிச்சிருப்பாரு?” நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் முதலில் வருவது வாரான். மன்றத்தில் இன்ன கிரேடில் இத்தனை நாற்காலி என்று அனுமதிக்கப்பட்ட பட்டியல் அது. அதில் இல்லாத நாற்காலியில் மேயரே சொன்னாலும் யாரையும் உட்கார வைக்க முடியாது. அடுத்தது ஸ்கீம், அதாவது பொதுச் சேவை இலாகா வகுத்த சேவைத் திட்டம். பொறியாளர், நகரத் திட்டமிடுநர், கட்டடக் கலைஞர் எல்லாரும் ஜே. சட்ட அதிகாரி எல். கணக்காளரும் மதிப்பீட்டாளரும் டபிள்யூ. பட்டதாரி 41இல் நுழைந்து 44, 48, 52, 54 என்று ஏறுவார். 2024 டிசம்பரில் எஸ்எஸ்பிஏ என்ற புதிய சம்பளத் திட்டம் வந்து 41 ஒன்பதாயிற்று, 54 பதினான்காயிற்று. எங்களைப் போன்ற பழைய ஆட்களின் வாயில் இன்னும் பழைய எண்தான் வருகிறது. இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

ஸ்கீம் சொல்வது பெரும்பாலும் வாசலில் கேட்கும் தகுதியைத்தான். பொறியியல் பட்டம் என்று சொல்லிவிட்டு அது நின்றுகொள்ளும். இருபது வருடம் கழித்து அதே ஆள் இயக்குநர் நாற்காலிக்கு வரும்போது அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை மன்றம்தான் யோசிக்க வேண்டும். பதவி உயர்வுக் குழுவின் முன்னால் நாங்கள் வைப்பது மூப்புப் பட்டியல், எல்என்பிடி என்ற ஆண்டுப் பணி மதிப்பீட்டில் கடைசி மூன்று ஆண்டு மதிப்பெண், ஊழல் தடுப்பு ஆணையத்தின் சோதனை முடிவு, சொத்து அறிவிப்பு. நான்கும் வேண்டியவைதான். ஆனால் ‘இந்த மனிதருக்கு இந்த வேலை தெரியுமா?’ என்ற கேள்விக்கு நான்கில் ஒன்றும் நேராகப் பதில் சொல்வதில்லை. எல்என்பிடி சொல்லாதா என்று கேட்பீர்கள். எண்பத்தைந்துக்குக் கீழே மதிப்பெண் போட்டு, அந்த ஆளோடு மறுநாள் ஒரே காரில் தளச் சோதனைக்குப் போகத் துணிந்த மேலதிகாரியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

2002இல் எஸ்எஸ்எம் சம்பளத் திட்டத்தோடு பிடிகே என்றொரு திறன் தேர்வு வந்தது. பொறியாளரும் கணக்காளரும் சுற்றறிக்கைகளை மனப்பாடம் செய்துகொண்டு உட்கார்ந்தார்கள். நினைவாற்றல் உள்ளவர்கள் தேறினார்கள். 2011இல் அது கைவிடப்பட்டது. அதைப் பற்றி அவ்வளவு போதும்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் மனிதவளப் பிரிவில் இருந்தவரே அல்ல. மதிப்பீட்டு இலாகாவில் இருந்த ஒரு மூத்த அண்ணன். ஏதோ ஒரு பதவிக்கான தகுதி வரைவை அவரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டேன். அடுத்த ஊர் மன்றத்தின் விளம்பரத்தைப் பார்த்து எழுதியது அது. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதினோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி, இந்த ஆள் எந்தக் காகிதத்தில கையெழுத்துப் போடப் போறாருன்னு பாத்தியா?”

“இல்லண்ணே.”

“மொதல்ல போயி ஃபைலப் பாரு. கடைசிக் கையெழுத்து அவருதா, இல்ல அவருக்கு மேல யாராவது இருக்காங்களான்னு பாரு. அப்புறம், அது தப்பா விழுந்தா யாரு கண்டுபிடிப்பான்னு கேளு. மறுநாள் காலையில கவுன்டர்ல ஒரு கடைக்காரன் வந்து கத்துவான்னா, அங்க அனுபவசாலி போதும். பத்து வருசம் கழிச்சு மழை வந்துதான் சொல்லும்னா, படிச்சவனத் தேடு.”

அதன் பிறகு இலாகா இலாகாவாக அப்படித்தான் போய் ஃபைல்களைப் பார்த்தேன். உரிம இலாகா தலைவர் தவறாக ஓர் உரிமத்தை மறுத்தால், அன்று மத்தியானமே கவுன்சிலரின் தொலைபேசி வரும். அங்கே பட்டம் இரண்டாம் பட்சம். ஊரின் கடைத்தெருவைத் தெரிந்தவரும், இருபது தரப்பின் கோபத்தை ஒரே நாளில் கேட்கக்கூடியவரும் வேண்டும். மதிப்பீட்டு இலாகா கொஞ்சம் வேறு. சொத்து வரிக்கான மதிப்பீட்டுப் பட்டியல் தவறாக இருந்தால், 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் வீட்டுக்காரருக்கு ஆட்சேபம் தெரிவிக்க வழி தருகிறது; அதற்கு மேல் உயர்நீதிமன்றம் உண்டு. ஆனால் மதிப்பு குறைவாக விழுந்தால் யார் ஆட்சேபிப்பார்? வீட்டுக்காரர் சந்தோஷமாக வாயை மூடிக்கொள்வார், மன்றத்தின் வருமானம் ஓசையில்லாமல் ஒழுகும். அதனால் அங்கே பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வேண்டும் என்று எழுதினேன். நிதி இலாகா தவறினால் தணிக்கையாளர் வருவார். வருகிற நேரத்துக்குப் பணம் போயிருக்கும். அங்கே கணக்காளர் சங்கப் பதிவு கட்டாயம்.

பொறியியல் இலாகாவின் ஃபைல்தான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 70ஏ என்று ஒரு பிரிவு உண்டு. மண்ணை வெட்டவும் நிரப்பவும் மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். மலைச்சரிவை வெட்டும் திட்டத்தில் தப்பான கையெழுத்து விழுந்தால் கவுன்டரில் யாரும் வந்து கத்தமாட்டார்கள். வாங்கியவர் மகிழ்ச்சியாகப் போவார், வீடுகள் விற்றுத் தீரும், குழந்தைகள் பிறக்கும். பிறகு ஒரு டிசம்பர் வரும்.

1993 டிசம்பர் 11 அப்படி வந்தது. சிலாங்கூரில் உலு கிள்ளானிலிருந்த ஹைலண்ட் டவர்ஸின் மூன்று பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் ஒன்று, பின்னாலிருந்த சரிவு இடிந்து வந்ததில் சாய்ந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள். அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்காத மலேசியர் என் வயதில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் வழக்கில் வெளிவந்த ஒரு விவரத்தை என் தொழிலில் இருப்பவர்கள்கூட மறந்துவிட்டார்கள். அந்த அடுக்குமாடிகளை வடிவமைத்தவர் முழுத் தகுதி பெற்ற கட்டடக் கலைஞர் அல்லர். கட்டட வரைவாளராக மட்டும் பதிவு பெற்றவர். அவருக்கு அந்த அளவுக் கட்டடத்தைத் தொடும் தகுதியே கிடையாது. அந்த வரைபடம் ஓர் அலுவலகத்துக்குள் வந்து, ஒரு மேசையில் உட்கார்ந்து, முத்திரை வாங்கி வெளியே போயிருக்கிறது.

2000ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் பொறுப்பைப் பங்கிட்டது. மேம்பாட்டாளருக்கு 15 விழுக்காடு, வரைவாளருக்கு 10, பொறியாளருக்கு 10, அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15. மீதி அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு. மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2006இல் கூட்டரசு நீதிமன்றம், அதே 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95(2) பிரிவு ஊராட்சி மன்றத்துக்குப் பாதுகாப்பு தருகிறது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் சிலருக்கு ஒரே நிம்மதி. எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. தப்பான முத்திரைக்காக மன்றத்தை நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது என்றால், அந்த முத்திரையைக் காப்பாற்ற மிஞ்சியிருப்பது நியமனம் ஒன்றுதான். மனுப் போடுகிற கட்டடக் கலைஞருக்கும் பொறியாளருக்கும் 1967ஆம் ஆண்டிலிருந்தே தனித்தனிப் பதிவுச் சட்டம் இருக்கிறது. மனுவை வாங்கிப் பார்க்கிற மேசை, மனுப் போட்டவரைவிடக் குறைந்த தகுதியில் இருந்தால் அந்தச் சோதனைக்கு என்ன அர்த்தம்? 52க்கு மேல் போகிற எந்தப் பொறியாளரும் பொறியாளர் வாரியத்தில் ‘ஐஆர்’ என்ற தொழில்முறைப் பொறியாளர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற வரியை நான் எழுதியது அதன் பிறகுதான்.

அந்த வரி எளிதில் நிறைவேறவில்லை. 2007 ஏப்ரல் 12 முதல் கட்டடங்களுக்கு மன்றம் தருகிற தகுதிச் சான்றிதழ் போய், தனியார் கட்டடக் கலைஞரோ பொறியாளரோ தருகிற சிசிசி சான்றிதழ் வந்தது. “சான்றிதழே வெளியாள் தருகிறார், நமக்கு எதற்கு விலை உயர்ந்த பொறியாளர்?” என்று கேட்டார்கள். சான்றிதழ்தான் வெளியே போயிற்று. திட்ட அனுமதி, மண் வேலை, சாலை, வடிகால் எல்லாம் மன்றத்திலேயே இருந்தன. இதை விளக்கிச் சொல்லப் பல கூட்டங்கள் ஆயின.

இன்னொரு விஷயமும் எனக்குப் பினாங்குக்கு வந்த பிறகுதான் உறைத்தது. 2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 19 அன்று புக்கிட் கூக்குஸ் சாலைப் பணியில் சரிவு. 9 பேர் இறந்தார்கள். அது இங்கே பாயா தெருபோங் பக்கம்தான். அதற்குப் பிறகு தேநீர்க் கடையில்கூட ‘ஜியோடெக்னிக்கல்’ என்ற சொல் சர்வசாதாரணமாகிவிட்டது. கெடாவின் நெல்வயல் சமவெளியில் உள்ள ஒரு மன்றத்துக்கு ‘சிவில் பொறியியல் பட்டம்’ என்ற வரி போதும். நடுவில் மலை நிற்கிற ஒரு தீவுக்கு அதே வரியைப் பெயர்த்து எழுதினால் அரைகுறைதான். சாலை போடத் தெரிந்த சிவில் பொறியாளரும் சரிவைப் படிக்கத் தெரிந்த சிவில் பொறியாளரும் பட்டச் சான்றிதழில் ஒன்றுபோலவே இருப்பார்கள். எந்த ஊருக்கு எழுதுகிறோமோ அந்த ஊரின் நிலத்தைப் பார்த்துத் தகுதி எழுத வேண்டும்.

வெள்ளைக்காரன் இதைச் சட்டமாகவே எழுதிப் பார்த்தான். இங்கிலாந்தில் 1888ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், 50,000 பேருக்கு மேல் வாழும் வட்டாரத்தின் சுகாதார அதிகாரி மருத்துவராக மட்டும் இருந்தால் போதாது, பொதுச் சுகாதாரத்தில் டிப்ளோமாவும் வேண்டும் என்று விதித்தது. வாந்திபேதியில் செத்துச் செத்துக் கற்ற பாடம். 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மன்றத்தின் தலைமை நிதி அதிகாரி இன்னின்ன கணக்காளர் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராக இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அதே நாட்டில் நகரச் செயலாளர் வழக்கறிஞராகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நெடுநாள் வழக்கமும் இருந்தது. 1972இல் வந்த பெயின்ஸ் அறிக்கை, தலைமை நிர்வாகி எந்தத் தொழிலிலிருந்தும் வரலாம் என்று பரிந்துரைத்து அந்த வழக்கத்தை உடைத்தது. சில நாற்காலிகளில் தகுதியை இறுக்கினார்கள், சிலவற்றில் தளர்த்தினார்கள். இறுக்கியதெல்லாம் தவறு தாமதமாகத் தெரியும் இடங்கள் என்பதைக் கவனியுங்கள். எங்கள் அண்ணன் பெயின்ஸ் அறிக்கையைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

சென்னைக்காரர்களுக்கு இது வேறு உலகம். 1688இல் தொடங்கிய அந்த மாநகராட்சியின் ஆணையர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, இன்று மாநகராட்சி, நாளை வேறு துறை. இங்கே மன்றத்துக்கென்று சொந்த ஊழியர்கள். நுழைந்த மன்றத்திலேயே தலை நரைத்து, பென்ஷன் வாங்குவார்கள். அதில் ஒரு நன்மை உண்டு, ஊர் தெரியும். ஒரு கேடும் உண்டு: தகுதியான ஆள் பக்கத்து மன்றத்தில் இருந்தாலும் அவரைச் சுலபத்தில் இங்கே கொண்டுவர முடியாது. கைக்கு எட்டியவர்களில் மூத்தவர் யாரோ அவரே தலைவர் ஆகிறார்.

இந்த இடத்தில் பினாங்கின் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். 1951இல் மலாயாவிலேயே முதலாவதாக நகராண்மைத் தேர்தல் மீண்டும் நடந்த ஊர் ஜார்ஜ் டவுன். 1957 ஜனவரி 1 அன்று அரச சாசனத்தால் மாநகரானது. தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன் என்ற தமிழர் அதன் மேயராக இருந்தார். புலாவ் தீக்குஸ் பக்கம் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அன்றைய மன்றம் மின்சாரமும் கொடுத்தது, தண்ணீரும் கொடுத்தது, பஸ்ஸும் ஓட்டியது. இலாகா தலைவர் சரியில்லை என்றால் கவுன்சிலர் கேட்பார். கவுன்சிலர் சரியில்லை என்றால் ஊர் ஓட்டுப் போட்டுக் கேட்கும். 1965இல் இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரத்தில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜார்ஜ் டவுன் மன்றத்தின் அதிகாரங்களை மாநில அரசு எடுத்துக்கொண்டது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம் 1968இல் தந்த அறிக்கையில் தேர்தல் வேண்டும் என்றது; அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கவுன்சிலர்கள் நியமனம்தான். 2012இல் பினாங்கு மாநிலம் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இதற்கும் தகுதி வரிக்கும் என்ன சம்பந்தம் என்று என் மேலதிகாரி ஒருவரே கேட்டார். நிறைய இருக்கிறது. அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சிலர்களுக்கே ஒரு தகுதி சொல்கிறது: ஊராட்சியில் விரிந்த அனுபவம், அல்லது தொழிலிலோ வாணிபத்திலோ சிறப்பு, அல்லது சமூகத்தைப் பிரதிநிதிக்கும் திறன். ‘அல்லது’, ‘அல்லது’ என்று போகிற இந்த வாக்கியத்துக்குள் யாரை வேண்டுமானாலும் அடக்கலாம். ஓட்டுப் போட்டு இறக்கமுடியாத கவுன்சிலர், வழக்குப் போட்டு நிறுத்தமுடியாத முத்திரை. இரண்டுக்கும் நடுவில் ஊரார் நம்பி நிற்க வேண்டியது அந்த இலாகா தலைவரின் அறிவை மட்டுமே. தேர்தல் உள்ள ஊரைவிடத் தேர்தல் இல்லாத ஊரில்தான் தகுதி வரியை இரண்டு மடங்கு கவனத்தோடு எழுத வேண்டும் என்பது என் கட்சி.

சரியாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் பினாங்கிலேயே ஆள் உண்டு. மைமுனா முகமது ஷரிப் 1985இல் இங்கே நகரத் திட்டமிடுநராகச் சேர்ந்தவர். அந்த இலாகாவிலேயே உயர்ந்து, 2011இல் செபராங் பிறை நகராண்மைக் கழகத்தின் முதல் பெண் தலைவர், 2017இல் பினாங்குத் தீவின் மேயர், 2018இல் ஐ.நா. வாழிடத் திட்டத்தின் தலைமை, 2024இல் கோலாலம்பூர் மேயர். 2023இல் பினாங்குத் தீவின் மேயரான இராஜேந்திரன் அந்தோணியும் மன்றத்தின் பொறியியல் பக்கமிருந்து வந்தவர். இருவரும் படித்த தொழிலில் நுழைந்து, அதே தொழிலின் வழியாக ஏறியவர்கள்.

ஸ்கீமில் அடங்காத சங்கடங்களும் வரும். 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய கடைவீடுகளைப் பாதுகாக்க ஒரு தலைவர் வேண்டும் என்றால் யாரைத் தேடுவது? கட்டடக் கலைஞரையா, திட்டமிடுநரையா, வரலாறு படித்தவரையா? சுண்ணாம்புச் சாந்து எப்படிப் பூசப்பட்டது என்று தெரிந்தவர் ஒரு மேஸ்திரியாக இருப்பார். அவரிடம் எஸ்பிஎம் சான்றிதழே இருக்காது. நான் இங்கே வேலை பார்க்கவில்லை. ஆனாலும் எங்கள் வட்டாரத்து மனிதவள அதிகாரிகள் எங்கே கூடினாலும் இது பேச்சில் வரும். என் யோசனை, கட்டடக் கலைஞர் அல்லது திட்டமிடுநர் பட்டம், கூடவே பாதுகாப்புப் பணி செய்து முடித்த பழைய கட்டடங்களின் பட்டியல். சான்றிதழைக் காட்டுவதோடு நிற்காமல், செய்த வேலையைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டச் சொல்ல வேண்டும். ஒரு நேர்முகத்தேர்வை அப்படித் தெருவில் நடத்திப் பார்க்க எனக்கு ஆசை, அது நடக்கவில்லை.

அந்த மேஸ்திரி விஷயம் எனக்கு வீட்டுக் கதை. என் அப்பா மன்றத்தில் கால்வாய் மண்டோர். எங்கள் தலைமுறையில் பல தமிழ்ப் பிள்ளைகளின் கதை இதுதான்: மன்றத்து கோட்ரஸில் பிறந்து, அப்பா கூட்டிய தெருவில் பள்ளிக்கூடம் போனோம். எந்த மழைக்கு எந்த மூலையில் தண்ணீர் ஏறும் என்பது அப்பாவுக்கு அத்துப்படி. புதிதாக வந்த பொறியாளர் ‘டவுக்கே’ மாதிரி நின்று கேட்பார், இவர் கையைக் காட்டுவார், அவர் வரைபடத்தில் குறிப்பார். அப்படியானால் அப்பாவை இலாகா தலைவராக்கலாமா? கூடாது. அப்பாவே ஒத்துக்கொள்ளமாட்டார். தெரிந்த ஊரின் மழை அவருக்குத் தெரியும். கட்டப் போகிற ஊரின் மழையைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க முடியும். ஆனால் அவரைப் போன்றவர்களுக்கு மேலே போக ஒரு படி வேண்டும். சேவையில் இருந்துகொண்டே அனுபவத்தையும் தேர்வையும் வைத்து அடுத்த ஸ்கீமுக்கு ஏறும் கேபிஎஸ்எல் என்ற வழி இருக்கிறது. தொழில்நுட்ப உதவியாளர்கள் சிலரை அந்த வழியாகப் பொறியாளர் ஸ்கீமுக்கு ஏற்றிவிட்டதில் எனக்கு மனநிறைவு உண்டு. அவர்களில் ஒருவர் மாலை வகுப்புக்குப் போய்ப் பட்டம் வாங்கி, ஐஆரும் வாங்கிவிட்டார். கால்வாய் தெரிந்த ஐஆர். அப்படி ஓர் ஆள் கிடைப்பது ஒரு மன்றத்துக்கு யோகம்.

கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். ஆளை நிறுத்தி அளவெடுத்துவிட்டுச் சட்டை தைப்பதுபோல, முன்பே முடிவான ஒருவருக்குப் பொருந்தத் தகுதி எழுதச் சொல்வதுண்டு. அது ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லப்படாது. “அந்த ‘குறைந்தது பன்னிரண்டு ஆண்டு’ என்பதை ஒன்பது ஆக்கிவிடலாமே” என்பார்கள். ஒன்பதரை வருடக்காரர் யார் என்று பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். “முதுகலைப் பட்டம் இருந்தால் நல்லது என்று சேருங்கள்” என்பார்கள். அந்த வருடம்தான் யாரோ ஒருவர் வாரக்கடைசி வகுப்பில் எம்பிஏ முடித்திருப்பார். நான் கண்ட தற்காப்பு ஒன்றே: நாற்காலி காலியாவதற்கு ஒரு வருடம் முன்பே, யார் வரப்போகிறார் என்று யாருக்கும் தெரியாத நேரத்திலேயே, தகுதி வரியைக் குழுவில் வைத்து நிறைவேற்றி, குறிப்பேட்டில் ஏற்றிவிடுவது. பென்ஷன் தேதி எங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால் இது முடிகிற காரியம்தான். பிறகு யாராவது மாற்றக் கேட்டால், காரணத்தை எழுத்தில் கேட்பேன். எழுத்தில் என்றதும் பாதிக் கோரிக்கைகள் தானாகவே மறைந்துவிடும். மீதிப் பாதியில் நான் தோற்றதும் உண்டு.

‘பெமாங்கு’ என்ற இடைக்கால நியமனமும் இதே நோய்தான். தகுதியுள்ளவர் கிடைக்கும்வரை ஒருவர் பொறுப்பு வகிப்பார். ஆறு மாதம் ஒரு வருடமாகும், ஒரு வருடம் மூன்றாகும். மூன்று வருடம் அந்த வேலையைச் செய்தவருக்குத் தகுதி இல்லை என்று யார் வாயால் சொல்வது? அனுபவமே தகுதியாகிவிட்டது என்று ஒரு குறிப்பு எழுதி முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், இடைக்காலத் தலைவருக்கும் அதே தகுதி வரி பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பக்கத்து மன்றத்திலிருந்தோ பொதுப்பணி இலாகாவிலிருந்தோ இரவலாக ஒருவரைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆட்கள் கிடைப்பதில்லை என்பார்கள். உண்மைதான். ஐஆர் வாங்கிய ஒருவருக்கு வெளியே ஆலோசனை நிறுவனம் தருகிற சம்பளத்தை மன்றம் தர முடியாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை தருகிறதையும் தர முடியாது. தகுதியைக் குறைத்து ஆள் பிடிப்பது இதற்கு மருந்தாகாது. 41இல் சேரும் இளம் பொறியாளரின் ஐஆர் பதிவுக் கட்டணத்தையும் பயிற்சியையும் மன்றமே ஏற்றால், பத்து வருடத்தில் சொந்த ஆள் கிடைப்பார். எங்கள் மன்றத்தில் அதற்கு ஒரு சிறு தொகை ஒதுக்கினார்கள். ஒரு விருந்து நிகழ்ச்சிக்கு ஆகும் செலவைவிட அது குறைவு.

நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நேர்முகத்தேர்வுக்குக்கூட வராமல் விண்ணப்பம் திரும்பிப் போவது பெரும்பாலும் எஸ்பிஎம் மலாய்மொழி கிரெடிட் இல்லாததால்தான். வெளிநாட்டுப் பொறியியல் பட்டம் இருக்கும், அது இருக்காது. அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. தொழிற்சாலையில் சிவில், சுற்றுச்சூழல், கணக்கியல் வேலை பார்க்கிற இளைஞர்கள் தொழில்முறைப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். மன்றத்து வேலைக்கு வரும் நினைப்பு இன்று இல்லாவிட்டாலும் பதிவு பெற்று வைத்திருங்கள்.

பாயான் பாரு நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊராட்சி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது என்று 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த கூட்டம் எப்போது என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போய் உட்காருங்கள். பொறியியல், கட்டடம், திட்டமிடல் இலாகாக்களின் தலைவர்களில் யார் எந்த ஆண்டு பென்ஷன் போகிறார், அந்த நாற்காலிக்கு என்ன தகுதி எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் பகுதிக் கவுன்சிலரிடம் கேளுங்கள். ஆள் வருவதற்கு முன்பே கேளுங்கள். வந்த பிறகு கேட்டால் அது அவரைப் பற்றிய புகாராகிவிடும்.